நோட்டீஸுக்குப் பதில் சொல்லாமல் விட்ட ரொக்க டெபாசிட் வழக்கு: வருமான வரி மேல்முறையீட்டுக்கு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் வரும் ரொக்க டெபாசிட் வழக்குகள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் போகின்றன. சேவிங்ஸ் கணக்கில் ஓர் ஆண்டில் பத்து லட்சத்துக்கு மேல் ரொக்கம் போட்டிருப்பார்கள். பாங்க் அதை வருமான வரித் துறைக்குத் தெரிவித்துவிடும். ரிட்டர்ன் தாக்கல் ஆகியிருக்காது. மின்னஞ்சலில் வந்த நோட்டீஸை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், அல்லது பார்த்தும் பயந்து விட்டிருப்பார்கள். கடைசியில் டெபாசிட் முழுவதும் வருமானம் என்று உத்தரவு வரும். பாங்க் கணக்கு முடங்கிய அன்றுதான் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள்.

அப்படி வருபவருக்கு மேல்முறையீடு தயாரிக்கும் இளம் வரி ஆலோசகர்களுக்கும், அப்பாவுக்காகத் தாங்களே போர்ட்டலில் உட்காரும் பிள்ளைகளுக்கும் இந்த வழிகாட்டி. வந்தவுடன் எல்லோரும் 'பணம் எங்கிருந்து வந்தது' என்ற கேள்வியில் இறங்குகிறார்கள். அது மூன்றாவது வேலை. முதல் வேலை காலக்கெடு. இரண்டாவது, இத்தனை நாள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கான விளக்கம். இவை இரண்டும் சரியாக அமையாவிட்டால் பணத்துக்கான ஆதாரத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இங்கே சொல்லும் பிரிவு எண்கள் 1961 வருமான வரிச் சட்டத்தின் எண்கள். 2025 சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் வழக்குகள் பழைய சட்டப்படியே நடக்கும்.

1. முதலில் தேதியைப் பிடியுங்கள்

மேல்முறையீட்டுக்குக் கிடைப்பது 30 நாள். அது வரியைக் கட்டச் சொல்லும் 156-ஆம் பிரிவின் டிமாண்ட் நோட்டீஸ் கையில் சேர்ந்த நாளிலிருந்து ஓடுகிறது. சேர்ந்த நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். உத்தரவு இல்லாமல் டிமாண்ட் மட்டும் வந்திருந்தால், உத்தரவின் நகலைப் பெற எடுத்த நாட்களை 268-ஆம் பிரிவுப்படி கழித்துக்கொள்ளலாம்.

'தபாலில் எதுவும் வரவில்லையே' என்பார்கள். பதிவு செய்த மின்னஞ்சலுக்கோ போர்ட்டல் கணக்குக்கோ போனாலே சேர்ந்ததாகத்தான் துறை எடுத்துக்கொள்ளும். அதனால் போர்ட்டலில் உள்ள தேதியை வைத்தே எண்ணுங்கள்.

30 நாளுக்குள் இரண்டு நாளாவது மிச்சம் இருந்தால், ஆவணம் சேரும்வரை காத்திருக்காமல் மேல்முறையீட்டைத் தாக்கல் செய்துவிடுங்கள். பணத்துக்கான ஆதாரத்தைப் பிறகு கொடுக்க வழி உண்டு. தாமதத்தைச் சரிக்கட்டுவது தனி மனு, தனிப் போராட்டம்.

கெடு முடிந்திருந்தாலும் கதவு மூடவில்லை. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க 249(3) அதிகாரம் தருகிறது. அதற்கு வேண்டியதைப் பகுதி 4-ல் சேர்த்தே தயாரிக்கலாம்.

2. போர்ட்டலில் இருந்து எடுக்க வேண்டியவை

கட்சிக்காரர் சொல்லும் கதையைக் கேட்பதற்கு முன்னால் போர்ட்டலைத் திறந்து பாருங்கள். பழைய கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதே தெரியாத வழக்குகள் ஏராளம். ஆதார் ஓடிபி மூலம் மாற்றிவிட்டு, மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் யாருடையவை என்று பாருங்கள். கணினி மையத்துக்காரரின் மின்னஞ்சலோ, பான் எடுத்துக் கொடுத்தவரின் எண்ணோ அங்கே இருக்கும். மாற்றுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு அதுவே முதல் ஆதாரம். பலர் முதலில் மாற்றிவிட்டு, அப்புறம் தலையில் கை வைக்கிறார்கள்.

பிறகு இ-புரொசீடிங்ஸ் பகுதியில் உள்ள எல்லா நோட்டீஸையும் இறக்குங்கள்: மறுமதிப்பீட்டுக்கான 148ஏ, 148, விவரம் கேட்கும் 142(1), காரணம் கேட்கும் நோட்டீஸ், உத்தரவு, டிமாண்ட், அபராத நோட்டீஸ்கள். ஒவ்வொன்றுக்கும் அனுப்பிய தேதி, பதிலுக்குக் கொடுத்த நாட்கள், போன முகவரி ஆகியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். இந்த ஒரு தாள் கடைசிவரை உதவும்.

துறைக்கு வந்த தகவல்களைக் காட்டும் ஏஐஎஸ், வரிப் பிடித்தத்தைக் காட்டும் 26ஏஎஸ் இரண்டையும் எடுங்கள். பாங்க் தெரிவித்த தொகையும் பாஸ்புக்கின் தொகையும் பல நேரம் ஒத்துப்போகாது. கூட்டுக் கணக்கின் முழுத்தொகையும் முதல் பெயருக்கு ஏறியிருக்கலாம். காசோலை வரவும் ரொக்கமாகச் சேர்ந்திருக்கலாம். சேவிங்ஸ் கணக்கில் ஆண்டுக்கு 10 லட்சம், கரண்ட் கணக்கில் 50 லட்சம் ரொக்கத்தைத் தொட்டால் பாங்க் தெரிவிக்க வேண்டும். வழக்கு பிறப்பது பெரும்பாலும் அந்தத் தகவலிலிருந்துதான்.

3. உத்தரவை வாசிக்கும் முறை

மூன்று இடங்களைத் தேடுங்கள். ஒன்று, பதில் வராதபோது அதிகாரி தன் கணிப்பில் போடும் 144-ன் கீழான உத்தரவா. இரண்டு, டெபாசிட்டை 68-ல் (கணக்குப் புத்தகத்தில் விளக்கமில்லாத வரவு) சேர்த்திருக்கிறார்களா, 69ஏ-விலா (விளக்கமில்லாத பணம்). மூன்று, இப்படி விளக்கமில்லாத வருமானத்துக்கான 115பிபிஇ விகிதம் போட்டிருக்கிறார்களா.

68-ஆம் பிரிவுக்கு வரிசெலுத்துபவர் வைத்திருக்கும் கணக்குப் புத்தகத்தில் வரவு இருக்க வேண்டும். பாங்க் தரும் பாஸ்புக் அவருடைய கணக்குப் புத்தகம் ஆகாது என்று பாய்சந்த் காந்தி வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது இன்றும் எடுத்தாளப்படுகிறது. கணக்கே எழுதாதவர் மேல் 68 போட்டிருந்தால் அதை ஒரு தனி ஆட்சேபமாக வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். பிரிவு எண் தவறு என்பதற்காகவே வருமானத்தில் கூட்டிய தொகை எல்லா இடத்திலும் நீங்கிவிடாது.

விகிதம்தான் ஆளைக் கவிழ்ப்பது. 115பிபிஇ-ல் 60 சதவீத வரி, அதன்மேல் 25 சதவீத சர்சார்ஜ், பிறகு 4 சதவீத செஸ். மொத்தம் 78 சதவீதம். அடிப்படை விலக்கு கிடையாது. 14,20,000 ரூபாய் டெபாசிட் என்றால் வரி 8,52,000, சர்சார்ஜ் 2,13,000, செஸ் 42,600. கூட்டினால் 11,07,600 ரூபாய். 271ஏஏசி அபராதம் அந்த 8,52,000-ல் பத்து சதவீதம், அதாவது 85,200 தனி. 234ஏ, 234பி வட்டி அதற்கும் மேல். இந்தக் கணக்கைக் கட்சிக்காரர் முன்னால் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். 'பார்த்துக்கலாம்' என்று இருந்தவர்கூட அடுத்த நாளே பில்லைத் தேட ஆரம்பிப்பார்.

பணமதிப்பு நீக்க காலத்து டெபாசிட் என்றால் விகிதத்தையே கேள்வி கேட்கலாம். 60 சதவீதம் 2017 ஏப்ரல் 1-க்குப் பிந்தைய பரிவர்த்தனைக்குத்தான், அதற்கு முந்தையதற்கு 30 சதவீதமே என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 நவம்பரில் ஸ்மைல் மைக்ரோ பைனான்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. நம் மாவட்டம் அந்தக் கிளையின் எல்லைக்குள் வருவதால் இதை விடாமல் எழுதுங்கள். வியாபாரம் இல்லாத தனிநபரின் 2.5 லட்சம் வரையிலான டெபாசிட்டையும், 70 வயது தாண்டியவரின் 5 லட்சம் வரையிலான டெபாசிட்டையும் மேலும் துருவ வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2017 பிப்ரவரியில் கொடுத்த அறிவுறுத்தலும் அதே கால வழக்குகளுக்கு உதவும்.

4. பதில் சொல்லாததற்கு விளக்கம்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. 'மனுதாரருக்குப் போதிய வாய்ப்பு தரப்படவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறார்கள். மேல்முறையீட்டை விசாரிக்கும் ஆணையர் கோப்பைத் திறந்தால் நான்கு நோட்டீஸ் வரிசையாக நிற்கும். அந்த ஒரு வரியிலேயே மேல்முறையீட்டின் நம்பகம் போய்விடும்.

பகுதி 2-ல் எழுதிய தாளை எடுத்து, ஒவ்வொரு நோட்டீஸுக்கும் எதிரே அந்தத் தேதியில் கட்சிக்காரர் எங்கே இருந்தார், ஏன் பதில் போகவில்லை என்று எழுதுங்கள். வளைகுடாவில் வேலையில் இருந்தால் பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கங்கள். மருத்துவமனையில் இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி. மின்னஞ்சல் வேறொருவருடையது என்றால் முன்பு எடுத்த படமும், முடிந்தால் அவருடைய கடிதமும். முகவரி மாறியிருந்தால் பழைய, புதிய வீட்டு வரி ரசீதுகள். ஆழ்கடல் தங்கல் மீன்பிடிக்குப் போனவர் என்றால் படகு புறப்பட்டு வந்து சேர்ந்த தேதிக்கான டோக்கனோ உரிமையாளரின் கடிதமோ.

வேண்டுமென்றே பதில் சொல்லாதவரும் உண்டு. நோட்டீஸை வாசித்திருப்பார், ஆடிட்டர் கேட்ட தாள்களைக் கொடுத்திருக்க மாட்டார், ஆறு மாதம் போனையே எடுத்திருக்க மாட்டார். அவருக்காக ஒரு நோயைக் கற்பிக்காதீர்கள். நோட்டீஸைத் திறந்து பார்த்த நேரம் போர்ட்டலில் பதிவாகியிருக்கும்; பொய் அங்கேயே உடையும். நோட்டீஸின் விளைவு புரியவில்லை, எழுத்தறிவு குறைவு, சரியான ஆலோசனை கிடைக்கவில்லை என்பது உண்மையானால் அதையே எழுதுங்கள். இனிமேல் ஒவ்வொரு நோட்டீஸுக்கும் கெடுவுக்குள் பதில் தருவதாக உறுதிமொழியும் சேருங்கள். தாமதம் செய்தவருக்கு அதனால் ஆதாயம் இல்லை, நுணுக்கத்தைவிட நியாயத்துக்கே முதலிடம் என்று காதிஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1987-ல் சொன்ன நெறி இந்த இடத்துக்குப் பொருந்தும்.

இவை எல்லாவற்றையும் நோட்டரி முன் கையெழுத்திட்ட அஃபிடவிட்டாக ஆக்குங்கள். தாமத மனு, புதிய ஆதார மனு (பகுதி 10) இரண்டுக்கும் இது ஒன்றே போதும்.

ஆலோசகர்களுக்கு ஒன்று: இப்படிப்பட்ட கட்சிக்காரரிடம் வேண்டிய ஆவணங்களையும் கெடுவையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் அனுப்பி வையுங்கள். அஃபிடவிட்டின் ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். பின்னால் 'ஆடிட்டர் எழுதிக்கொண்டார்' என்று வந்தால் வழக்கு அத்துடன் முடிந்தது.

5. ரொக்க ஓட்டப் பட்டியல்

இதுதான் வழக்கின் முதுகெலும்பு. ஆண்டின் தொடக்கத்தில் கையிருப்பு, தேதி வாரியாக ரொக்க வரவு, ரொக்கச் செலவு, பாங்கில் போட்டது, எடுத்தது, ஒவ்வொரு நாளும் மிச்சம். எந்த நாளிலும் மிச்சம் மைனஸில் போகக்கூடாது. போனால் அந்தத் தொகைக்கு மூலம் இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். குலசேகரம் பக்கம் ஆறு ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவர், சின்ன அளவில் வாழைக்குலை வியாபாரமும் செய்கிறார். 2021-22 நிதியாண்டில் ரொக்க டெபாசிட் 14,20,000. ரிட்டர்ன் இல்லை.

ரப்பர் சீட் (ஷீட்) விற்பனை பில்படி 6,10,000. முதலில் இது நடக்கக்கூடியதா என்று பாருங்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 600 கிலோ என்றால் ஆறு ஏக்கருக்கு 3,600 கிலோ. அந்த ஆண்டு கிலோ 170 ரூபாயை ஒட்டிய விலை. பெருக்கினால் 6,12,000. பில் பொருந்துகிறது. இதே தொகையை ஒரு ஏக்கர்காரர் சொன்னால் அதிகாரி ஒரு நிமிடத்தில் உடைப்பார். இதிலிருந்து வெட்டுக்கூலி, ஆசிட், உரம் என்று 2,10,000 போக, பாங்குக்குப் போகக்கூடியது 4,00,000. விற்பனைத் தொகை முழுவதையும் மூலமாகக் காட்டுவது பரவலான தவறு. செலவே இல்லாத தோட்டம் எங்கும் கிடையாது.

கூட்டுறவு வங்கி நகைக்கடன் 3,00,000. கடன் வாங்கியது செப்டம்பர் 8, கணக்கில் போட்டது செப்டம்பர் 9. இதற்கு மேல் விளக்கமே தேவையில்லை.

கணக்கிலிருந்து எடுத்துத் திரும்பப் போட்டது 2,50,000. எடுத்ததற்கும் போட்டதற்கும் நடுவில் 48 நாள். இடைவெளி இருந்தாலே ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதில்லை. நடுவில் அந்தப் பணம் வேறு எதற்கும் போகவில்லை என்று காட்ட வேண்டும். நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க எடுத்து, பேச்சு முறிந்ததால் திரும்பப் போட்டது என்றால், ஒப்பந்த நகலோ தரகரின் கடிதமோ வையுங்கள்.

வாழைக்குலை வியாபார வரவு 3,50,000. இது விற்றுமுதல், முழுவதும் வருமானம் ஆகாது. சிறு வியாபாரத்துக்கு விற்றுமுதலில் ஒரு சதவீதத்தை வருமானமாக எடுக்கும் 44ஏடி-ன் கீழ் 8 சதவீதம், அதாவது 28,000 மட்டுமே வருமானமாக எடுக்கக் கேளுங்கள். ஆனால் குலை வாங்குவதற்காகக் கணக்கிலிருந்து எடுத்த தொகைகளை மேலே சொன்ன 2,50,000-க்குள் நுழைத்துவிடாதீர்கள். ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணியதாகும். ஆணையர் ஆதாரத்தை மதிப்பீட்டு அதிகாரியின் சரிபார்ப்புக்கு அனுப்பும் ரிமாண்டில் முதலில் பிடிபடுவது இதுதான்.

கூட்டினால் 13,00,000. மிச்சம் 1,20,000-க்குத் தாள் இல்லை. அதை முந்தைய ஆண்டுகளின் சேமிப்பு என்று ஒரு பத்தியில் கேளுங்கள், அவ்வளவுதான். அதற்காக மைத்துனரிடம் கடன் வாங்கியதாகப் பின்தேதி பத்திரம் எழுதினால் நல்ல 13 லட்சமும் சேர்ந்து சந்தேகத்துக்கு வரும். அந்த மிச்சம் முழுக்க 78 சதவீதத்தில் நின்றாலும் வரி 93,600. முதலில் போட்ட 11,07,600-ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மிச்சத்தை மிச்சமாகவே விடுவதன் நியாயம் தெரியும்.

வீட்டுச் செலவை மறக்காதீர்கள். அது எந்தப் பணத்தில் நடந்தது என்பது பட்டியலில் இருக்க வேண்டும். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தில் வேறு கணக்கு வழியாக நடந்தால், அந்தக் கணக்கின் ஸ்டேட்மெண்டையும் சேருங்கள்.

6. மூலத்துக்கு ஏற்ற ஆவணம்

ரப்பர்: பட்டா, அந்தப் பசலி ஆண்டின் அடங்கல், தீர்வை ரசீது, ரப்பர் வாரிய உரிமம் பெற்ற வியாபாரியின் பில். ரப்பர் சீட்டுக்கும் (ஷீட்) ஒட்டுப்பாலுக்கும் தனித்தனி பில் இருந்தால் நல்லது; இரண்டின் விலையும் வேறு. மாதத்தையும் பாருங்கள். இலையுதிர்வில் பால்வெட்டு நிற்கும் பிப்ரவரி, மார்ச்சில் பெரிய விற்பனை காட்டினால், சேர்த்து வைத்த சீட்டை விலை பார்த்து விற்றது என்று தனியாகச் சொல்லியாக வேண்டும். சொந்த மரத்துப் பாலில் சீட் போட்டு விற்பது விவசாய வருமானம். செறிவூட்டிய பால், கிரேப், பிளாக் ரப்பர் என்று பதப்படுத்தி விற்றால் விதி 7ஏ-ன்படி 35 சதவீதம் வரிக்குரியது.

மீன்: கடலில் பிடிப்பது விவசாய வருமானம் அல்ல, வியாபார வருமானம். 'விவசாயம்' என்று எழுதிக் கொடுத்து மாட்டிக்கொள்வோர் இன்னும் உண்டு. ஏலக்காரரின் கணக்குச் சீட்டு, டீசல், ஐஸ் பில்கள், தொழிலாளர் பங்குக் கணக்கு, படகுப் பதிவு ஆகியவை வேண்டும். தடைக்காலத்தையும் டெபாசிட் தேதியையும் ஒப்பிடுங்கள். சின்னமுட்டம் விசைப்படகுக்குக் கிழக்குக் கரைத் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கரைத் தடை, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம் இருப்பது டெல்லியில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பவருக்குத் தெரியாது. ஜூலையில் சின்னமுட்டம் படகுக்கு வந்த வரவு சந்தேகத்துக்குரியதல்ல என்பதை நீங்கள்தான் எழுதிக் காட்ட வேண்டும்.

நகைக்கடன்: அடகுச் சீட்டு மட்டும் போதாது. கடன் கணக்கின் ஸ்டேட்மெண்டை வாங்குங்கள். தொகை கணக்கு மாற்றாக வந்திருந்தால் அதை ரொக்க மூலமாகக் காட்ட முடியாது.

கல்யாண மொய்: திருமணம் செய்துகொண்டவர் பெறும் அன்பளிப்புக்குத்தான் வரி விலக்கு. மகள் கல்யாணத்து மொய் தந்தையின் கணக்கில் ஏறியிருந்தால் விளக்கம் சிக்கலாகும். பத்திரிகை, மண்டப ரசீது, மொய் நோட்டு மூன்றும் வேண்டும். நோட்டில் உள்ள பெயர்களும் தொகைகளும் ஊருக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும்.

7. புதிய ஆபத்தைக் கொண்டுவரும் விளக்கங்கள்

ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கியதாகச் சொன்னால் 269எஸ்எஸ் மீறல். அதற்கு 271டி-ல் கடன் தொகை முழுவதும் அபராதம். மூன்று லட்சத்தைக் கடன் என்று விளக்கி, மூன்று லட்சம் அபராதம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நில விற்பனை அட்வான்ஸை ரொக்கமாக வாங்குவதும் 2015 ஜூன் 1 முதல் இதே பிரிவுக்குள் வருகிறது. கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்குமே விவசாய வருமானம் மட்டும் இருந்து, வரிக்குரிய வருமானம் இல்லாவிட்டால் விலக்கு உண்டு. அந்த விலக்கு பொருந்துமா என்று பார்த்த பிறகே கடன் என்ற சொல்லை எழுதுங்கள்.

ஒரே நபரிடம் ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் பெற்றதாகச் சொன்னால் 269எஸ்டி வரும். உறவினர் அன்பளிப்பும் இதற்குத் தப்பாது. 'வேறொருவர் பணத்தை என் கணக்கில் போட்டேன்' என்பது பினாமிச் சட்டத்துக்குக் கதவைத் திறக்கும். பதிவில்லாத சீட்டு நடத்தி வந்த பணம் என்பதும் வேறு சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

8. 249(4): மேல்முறையீடு உள்ளேயே போகாமல் நிற்கும் இடம்

ரிட்டர்ன் தாக்கல் செய்யாதவர், தான் கட்டியிருக்க வேண்டிய முன்கூட்டிய வரிக்குச் சமமான தொகையைக் கட்டியிருந்தால்தான் மேல்முறையீட்டை ஏற்பார்கள். மேல்முறையீட்டுப் படிவமான படிவம் 35-ல் இதற்கான கேள்விக்குப் 'பொருந்தாது' என்று போட்டுவிட்டு, ஓராண்டுக்குப் பிறகு 'ஏற்புடையதல்ல' என்ற தள்ளுபடியைப் பெறுவது வாடிக்கையாகிவிட்டது. படிவத்தைத் திறப்பதற்கு முன்பே இதை முடியுங்கள்.

பகுதி 5-ன் கணக்குப்படி வரிக்குரிய வருமானத்தைக் கணக்கிடுங்கள். நம் உதாரணத்தில் 28,000-மும் கொஞ்சம் பாங்க் வட்டியும்தான், அடிப்படை விலக்கான 2.5 லட்சத்துக்கு வெகு கீழே. ஆண்டு வரி 10,000 ரூபாயைத் தொடாவிட்டால் முன்கூட்டிய வரிப் பொறுப்பே இல்லை. வியாபார வருமானம் இல்லாத 60 வயது நிரம்பியவருக்கும் அந்தப் பொறுப்பு இல்லை. இதைக் கணக்குத் தாளுடன் எழுதுங்கள். கூடவே, எப்படியும் விலக்கு தரும்படி அதே பிரிவின் கீழ் ஒரு மனுவும் வையுங்கள். வரி வருகிறது என்றால் கட்டிவிட்டு சலானைச் சேருங்கள். 148 நோட்டீஸுக்கு ரிட்டர்ன் போட்டிருந்தால், அந்த ரிட்டர்னின்படியான வரி கட்டியிருக்க வேண்டும்.

9. படிவம் 35

கட்டணம், மதிப்பிட்ட வருமானம் ஒரு லட்சம் வரை 250, இரண்டு லட்சம் வரை 500, அதற்கு மேல் 1,000 ரூபாய். இ-பே டாக்ஸில் கட்டும்போது மதிப்பீட்டு ஆண்டைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். 2021-22 நிதியாண்டுக்கு மதிப்பீட்டு ஆண்டு 2022-23.

வழக்கின் விவரம் 1,000 சொல்லுக்குள், ஒவ்வொரு ஆட்சேபமும் 100 சொல்லுக்குள், தாமதக் காரணம் 500 சொல்லுக்குள் இருக்க வேண்டும். விவரத்தில் கதையைச் சொல்லுங்கள். ஆட்சேபத்தில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆட்சேபத்தில் கொட்டினால் ஒன்றுக்கும் தனி முடிவு கிடைக்காது.

ஆட்சேபங்களை இந்த வரிசையில் வைக்கலாம்: மறுமதிப்பீட்டு நோட்டீஸின் காலவரம்பும் அனுமதியும்; வாய்ப்பு கிடைக்காதது; 68 அல்லது 69ஏ பொருந்தாதது; ஒவ்வொரு மூலத்துக்கும் தனித்தனியாக ஒன்று; விற்றுமுதல் முழுவதும் வருமானமாகாது என்பது; 115பிபிஇ விகிதம்; வட்டி. கடைசியாக, மாற்றுக் கோரிக்கையாக, உத்தரவை ரத்து செய்து மறுபரிசீலனைக்கு அனுப்பும்படி கேளுங்கள். 144-ல் போட்ட உத்தரவுகளைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் 2024 அக்டோபர் 1 முதல் மேல்முறையீட்டு ஆணையருக்கு உண்டு. பதில் சொல்லாதவர் வழக்கில் பல நேரம் கிடைக்கும் நியாயம் இதுதான்.

புதிய ஆதாரம் உண்டா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று போடுங்கள். தகவல் அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் கட்சிக்காரர் தினமும் பார்ப்பதாக இருக்கட்டும். அபராத உத்தரவு வந்திருந்தால் அதற்குத் தனி படிவம் 35, கட்டணம் 250. வரி மேல்முறையீட்டிலேயே அதையும் எழுதினால் கணக்கில் வராது.

10. விதி 46ஏ மனு

அதிகாரியிடம் காட்டாத ஆவணத்தை மேல்முறையீட்டில் புதிதாக வைக்க இந்த மனு கட்டாயம். நூறு பக்கம் பில்லை இணைத்துவிட்டு மனுவை விட்டுவிட்டால், 'புதிய ஆதாரத்தை ஏற்க முகாந்திரம் இல்லை' என்று ஒரே வரியில் முடிப்பார்கள்.

விதி நான்கு சூழ்நிலைகளைச் சொல்கிறது. நம் வகை வழக்குக்குப் பொருந்துவது மூன்று: கேட்ட ஆதாரத்தைக் கொடுக்கப் போதிய காரணத்தால் முடியாமல் போனது, ஆட்சேபத்துக்குத் தேவையான ஆதாரத்தை அதேபோல் வைக்க முடியாமல் போனது, போதிய வாய்ப்பு தராமல் உத்தரவு போட்டது. எது பொருந்துகிறதோ அதன் உட்பிரிவைக் குறிப்பிட்டு, பகுதி 4-ன் அஃபிடவிட்டை இணைத்து, ஆவணங்களைப் பக்க எண்ணோடு பட்டியலிடுங்கள். அந்த ஆதாரத்தைப் பார்க்க அதிகாரிக்கும் வாய்ப்பு தரப்படும். அவர் ரிமாண்ட் ரிப்போர்ட் அனுப்புவார். ரப்பர் வியாபாரிக்கும் மீன் ஏலக்காரருக்கும் விசாரணைக் கடிதம் போகலாம் என்பதை அவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். 'எனக்குத் தெரியாது' என்று ஒரு பதில் வந்தால் பில் செத்துப்போகும்.

11. டிமாண்டை நிறுத்தி வைப்பது

மேல்முறையீடு போட்டதாலேயே வசூல் நிற்காது. ஒப்புகைச் சீட்டு கிடைத்த அன்றே 220(6)-ன் கீழ் மதிப்பீட்டு அதிகாரிக்கு மனு கொடுங்கள். 2017 ஜூலை 31 அலுவலகக் குறிப்பின்படி டிமாண்டில் 20 சதவீதம் கட்டினால் பொதுவாக நிறுத்தி வைப்பார்கள். நம் உதாரணத்தில் வட்டி நீங்கலாகவே அது 2,21,520 ரூபாய்.

அவ்வளவு கட்ட முடியாதவர் குறைக்கும்படி கேட்கலாம், மேலதிகாரியிடமும் போகலாம். அதற்கு வெறும் கஷ்டக் கடிதம் போதாது. ரொக்க ஓட்டப் பட்டியல், பாங்க் இருப்பு, 144 உத்தரவு என்ற விவரம் எல்லாம் சேர வேண்டும். போர்ட்டலில் டிமாண்டுக்கு எதிரே 'உடன்பாடில்லை' என்று போட்டு மேல்முறையீட்டு எண்ணைக் குறிப்பிடுங்கள். அபராத நடவடிக்கையையும் மேல்முறையீடு முடியும்வரை நிறுத்தி வைக்க எழுதிக் கொடுங்கள்.

12. தாக்கல் செய்த பிறகு

தேசிய முகமற்ற மேல்முறையீட்டு மையத்திலிருந்து 250-ன் கீழ் நோட்டீஸ் வரும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மாதக் கணக்கில் அமைதியாக இருந்துவிட்டு, குறுகிய கெடுவோடு வரும். வாரத்துக்கு ஒரு நாள் போர்ட்டலைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். முடியாவிட்டால் கெடு முடிவதற்கு முன்பே அவகாசம் கேளுங்கள். முடிந்த பிறகு பொத்தானே இருக்காது.

பதிலை ஒரே பிடிஎஃப் ஆகக் குவிக்காமல், மூலத்துக்கு ஒன்றாகப் பிரித்துப் பெயரிட்டு ஏற்றுங்கள். தமிழ்ப் பில், அடங்கல், மொய் நோட்டு ஆகியவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்புப் பக்கம் சேருங்கள், கோப்பு எந்த மாநில அதிகாரியிடம் போகும் என்று தெரியாது. நேரில் விளக்க வேண்டியிருந்தால் காணொலி விசாரணை கேட்டு அதே பதிலில் எழுதுங்கள்.

ஆணையருக்கு வருமானத்தைக் கூட்டும் அதிகாரமும் உண்டு. அதிகாரி பார்க்காத இன்னொரு கணக்கின் ஸ்டேட்மெண்டைக் கொடுக்கும் முன், அதிலுள்ள டெபாசிட்டுக்கும் விளக்கம் தயாராக இருக்கிறதா என்று பாருங்கள்.

13. அங்கேயும் பதில் போகாமல் தள்ளுபடி ஆனால்

வரவில்லை என்பதற்காக மட்டும் ஆணையர் தள்ளுபடி செய்ய முடியாது. ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் காரணத்துடன் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது 250(6). பிரேம்குமார் அர்ஜுன்தாஸ் லூத்ரா வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அந்த ஆட்சேபத்தோடு அடுத்த மட்டமான வருமான வரி மேல்முறையீட்டு டிரிப்யூனலின் சென்னை அமர்வுக்குப் படிவம் 36-ல் போகலாம். உத்தரவு கிடைத்த மாதத்தின் முடிவிலிருந்து இரண்டு மாதம் கெடு. கட்டணம் வருமானத்துக்கு ஏற்ப 500, 1,500, அல்லது இரண்டு லட்சத்துக்கு மேல் ஒரு சதவீதம். உச்சம் 10,000 ரூபாய்.

இரண்டு மட்டத்திலும் பேசாதவரை டிரிப்யூனல் பெரும்பாலும் செலவுத்தொகை கட்டச் சொல்லி, கீழே திருப்பி அனுப்புகிறது. அந்தத் தொகையைச் சொன்ன கெடுவுக்குள் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவு வந்ததும், நோட்டீஸ் வரட்டும் என்று காத்திராமல், முழு ஆவணத் தொகுப்பையும் அதிகாரிக்கு நீங்களே அனுப்பி ஒப்புகை பெறுங்கள். திரும்பி வந்த வழக்கில் மறுபடியும் 142(1) நோட்டீஸைத் தவறவிட்டால், பழைய காரணம் எதுவும் இரண்டாம் முறை எடுபடாது.